சுமப்பவர்களைச் சுமப்பது யார்?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டம், துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், கட்டுமானத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்கள் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. நியமனக் கடிதம், பெண்களுக்கு இரவுப் பணி, செயலி வழித் தொழிலாளர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எனப் புதிய தொகுப்புகள் பற்றிய விவாதங்கள் புதுதில்லியில் ஓயவில்லை. ஆனால், உலகின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றான சுமை தூக்கும் தொழிலைப் பற்றி அந்த விவாதங்களில் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் என்று பெருமை பேசப்படும் பெங்களூருவையே எடுத்துக்கொள்ளலாம். அந்த நகரம் விழிப்பதற்கு முன்பே யஷ்வந்த்பூர் வேளாண் விற்பனைக் கூடமும், 1928-இல் கட்டப்பட்ட கே.ஆர். மார்க்கெட்டும், கலாசிப்பாளையமும் விழித்துக்கொள்கின்றன. இரவெல்லாம் ஓடிவந்த லாரிகளிலிருந்து அரிசி, பருப்பு, காய்கறி மூட்டைகள் இறங்குகின்றன. சிக்பேட்டையிலும் பளேபேட்டையிலும் லாரி நுழைய முடியாத சந்துகளில் துணிப் பொதிகளும் இரும்புச் சாமான்களும் மனிதனின் முதுகிலும் தலையிலும் கைவண்டியிலும்தான் பயணம் செய்கின்றன. கன்னடத்தில் 'ஹமாலி' என்று அழைக்கப்படும் இந்தத் தொழிலாளர்களில் வட கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் உண்டு.

இரண்டு பேர் லாரியின் மேலிருந்து மூட்டையைச் சரித்துவிட, கீழே நிற்பவர் குனிந்து முதுகில் வாங்கிக்கொள்கிறார். ஒரு கையில் கொக்கி, தலையில் சும்மாடு. சாய்ந்து கிடக்கும் பலகையில் ஏறி, கிடங்குக்குள் அட்டியின் உச்சியில் மூட்டையைத் தள்ளிவிட்டு, மீண்டும் லாரிக்கு ஓடி வருகிறார். 50 கிலோ மூட்டையை நாளொன்றுக்கு 100 முறை இப்படிச் சுமந்தால், மாலைக்குள் அந்த உடல் 5 டன் எடையைக் கடந்துவிடுகிறது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 125 டன். மூட்டையின் எடை தராசில் தெரிகிறது, கூலி கணக்கில் எழுதப்படுகிறது. அந்த எடை உடலுக்குள் என்ன செய்கிறது என்பது மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

மருத்துவ அறிவியல் இதைத் தெளிவாகவே விளக்குகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டுகள்தான் உடலின் எடையைத் தாங்குகின்றன. குனிந்த நிலையில் பாரத்தைத் தாங்கும்போது, நெம்புகோல் தத்துவத்தின்படி இடுப்புப் பகுதி வட்டுகளின் மீது மூட்டையின் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. பாரத்துடன் உடலைத் திருப்பினால் தீங்கு மேலும் கூடுகிறது. வட்டுகளுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால், ஒருமுறை கிழிந்தால் அவை எளிதில் ஆறுவதில்லை. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்குகிறது. தலைச்சுமை கழுத்தெலும்பைத் தேய்க்கிறது. பலகையிலும் படியிலும் ஏறி இறங்குவதால் முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு கரைகிறது. தோள்பட்டையின் தசைநார்கள் நைந்து, கையைத் தலைக்கு மேல் தூக்குவதே கடினமாகிவிடுகிறது.

இவை ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் மாலையில் மட்டும் வலி, உறங்கி எழுந்தால் சரியாகிவிடும். பிறகு காலையிலும் வலி, வேலையில் இறங்கிவிட்டால் மறந்துவிடும். அதன் பிறகு மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை வேண்டியிருக்கிறது. ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு என்பதால், ஓய்வுக்குப் பதிலாக மாத்திரையே மருந்தாகிவிடுகிறது. வலி நிவாரணிகளை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகும். வியர்த்துக் கொட்டி நீர்ச்சத்துக் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலியை மறக்க மதுவை நாடுபவர்களின் கதை அவர்களது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

உலகில் ஏறத்தாழ 171 கோடி பேர் தசை, எலும்பு, மூட்டு சார்ந்த கோளாறுகளுடன் வாழ்கின்றனர் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி இடுப்புவலியால் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் சுமார் 61.9 கோடி. உலக அளவில் மனிதர்களை இயங்கவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடத்தில் இருப்பது இடுப்புவலிதான். நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோரின் முதுகுவலி இன்று பேசுபொருளாகியிருக்கிறது. பெங்களூருவின் மென்பொருள் நிறுவனங்கள் முதுகுக்கு இதமான இருக்கைகளை வாங்கித் தருகின்றன. அந்த அலுவலகங்களுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துப் படியேறுபவரின் முதுகும், ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள சமையல் எரிவாயு உருளையை மாடிக்குத் தூக்கிச் செல்பவரின் முழங்காலும் அதே எலும்பாலும் சதையாலும் ஆனவைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? காயம் விளைவிக்கக்கூடிய அளவுக்குக் கனமான பொருளை எந்தத் தொழிலாளியையும் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு கூறியது. எடைக்கு உச்சவரம்பு வகுக்கும் அதிகாரத்தையும் மாநில அரசுகளுக்கு அது அளித்தது. நல்ல பிரிவுதான். ஆனால், அது தொழிற்சாலையின் மதில் சுவருக்குள் மட்டுமே செல்லுபடியானது. மண்டியிலும் சந்தையிலும் லாரி நிறுத்தத்திலும் அதற்கு வேலை இல்லை. புதிய சட்டத் தொகுப்பும் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். ஒரே நாளில் ஏழெட்டுக் கடைகளுக்கு மூட்டை சுமக்கும் ஹமாலி, இவற்றில் எந்தக் கடையின் தொழிலாளி?

அடுத்த குறை இதைவிடப் பெரியது. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நச்சு, சிலிகோசிஸ், பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் காது கேளாமை ஆகியவை அதில் உண்டு. பாரம் சுமப்பதால் வரும் முதுகெலும்பு, மூட்டு நோய்களுக்கு அதில் இடமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை, மூட்டுக் கோளாறுகளுக்கு எனத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியாவிலோ அந்த நோய், வயதாவதால் வரும் சாதாரண வலியாகவே கருதப்படுகிறது. பட்டியலில் இல்லாததால் மருத்துவர் தெரிவிப்பதில்லை. தெரிவிக்காததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் அப்படி ஒரு பிரச்னையே இல்லை என்று அரசுகள் இருந்துவிடுகின்றன.

மூட்டை சரிந்து காலை முறித்தால் அது விபத்து. இழப்பீடு கேட்க வழி உண்டு. அதே மூட்டை இருபது ஆண்டுகளில் முதுகெலும்பைச் சிறிது சிறிதாகத் தேய்த்து மனிதனை முடக்கினால் அது விதி. சட்டத்தின் கண்ணுக்கு நொடிப்பொழுதில் நேரும் காயம் தெரிகிறது, ஆண்டுக்கணக்கில் நேரும் காயம் தெரிவதில்லை. சுமைத் தொழிலாளிக்கு இழைக்கப்படும் அநீதியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கர்நாடக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு வாரியத்தின் 'அம்பேத்கர் கார்மிக சகாய ஹஸ்த' திட்டத்தில் வீட்டுப் பணியாளர், சலவைத் தொழிலாளர், தையல்காரர் ஆகியோருடன் ஹமாலிகளும் சேர்க்கப்பட்டு, அடையாள அட்டை வழங்கப்பட்டிருக்கிறது. விபத்தில் மரணமோ ஊனமோ நேர்ந்தால் அந்தத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால், அங்கும் 'விபத்து' என்ற சொல்லே வாசற்படியாக நிற்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் உதவும். தேய்ந்த முதுகுக்குத் தேவையான மாதக்கணக்கான இயன்முறை மருத்துவத்துக்கும், அந்த நாள்களில் இழக்கும் கூலிக்கும் அதில் வழியில்லை. 2019-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஓய்வூதியத் திட்டம் 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறது. நாற்பதுகளிலேயே மூட்டை தூக்க முடியாமல் போகும் ஒருவர், அறுபதுவரை எப்படிக் காத்திருப்பார், அதுவரை மாதச் சந்தாவை எங்கிருந்து கட்டுவார்?

எத்தனை கிலோ வரை சுமக்கலாம் என்ற கேள்விக்கு உலகம் விடை தேடத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதிகபட்ச எடை குறித்த 127-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனுடன் வந்த பரிந்துரை, வயதுவந்த ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றது. அந்த அமைப்பைத் தொடங்கிய உறுப்பு நாடுகளில் ஒன்றான இந்தியா, இந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என 2022 ஜூனில் அதே அமைப்பு அறிவித்த பிறகும் நிலைமை மாறவில்லை.

அந்த 55 கிலோவே பழைய கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதுகூடக் கையால் தூக்கப் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோதான். குனிவதும், திரும்புவதும், அடிக்கடி தூக்குவதும் சேர்ந்தால் அந்த அளவு மேலும் குறையும். பிரிட்டனில் கடைக்குப் போனால் சிமெண்ட் பெரும்பாலும் 25 கிலோ பையில் கிடைக்கிறது. இந்தியாவில் அதே சிமெண்ட் 50 கிலோ மூட்டையில் வருகிறது. இந்தியத் தொழிலாளியின் முதுகெலும்பு பிரிட்டன் தொழிலாளியின் முதுகெலும்பைவிட இரண்டு மடங்கு வலுவானது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

எடையைக் குறைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி நியாயமானது. ஹமாலிக்குக் கூலி மூட்டைக் கணக்கில். மூட்டை கூடினால் கூலி கூடும். வலியோடு ஓடி ஓடிச் சுமப்பதற்கு அவரைத் துரத்துவது மேஸ்திரியின் அதட்டல் அல்ல, வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும்தான். மூட்டையின் எடையைப் பாதியாக்கி, கூலியையும் பாதியாக்கினால் அவர் இருமடங்கு மூட்டைகளைச் சுமப்பார். எனவே, எடைக் குறைப்பும் கூலி நிர்ணயமும் ஒன்றாகவே நடக்க வேண்டும். சிறிய பைகளால் சாக்குச் செலவு கூடும் என்று வியாபாரிகள் முன்வைக்கும் வாதத்தில் உண்மை இருக்கலாம். அந்தச் செலவை இன்று ஒரு மனிதனின் முதுகெலும்பு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மைதானே?

இயந்திரங்கள் வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சமும் தொழிலாளர்களிடம் உண்டு. கப்பல் துறையில் சரக்குப் பெட்டகங்கள் வந்தபோது ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர்களின் வேலை போனதை மறுக்க முடியாது. கேரளத்தில் இந்த அச்சமே, செய்யாத வேலைக்குக் கூலி கேட்கும் 'நோக்குக்கூலி' என்ற தவறான வழக்கமாக வளர்ந்து, 2018 மே 1 முதல் அரசே அதை ஒழிப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ஆனால், சக்கரம் வைத்த தள்ளுவண்டியும், லாரியின் தளத்துக்குச் சமமான உயரத்தில் இறக்கும் மேடையும், சறுக்குத் தளமும் யாருடைய வேலையையும் பறிப்பவை அல்ல. பாரத்தை மனிதனின் உடலிலிருந்து சக்கரத்துக்கு மாற்றுபவை அவை. குண்டும் குழியுமான மண்டித் தரையைச் சமப்படுத்தாமல் தள்ளுவண்டியைக் கொடுப்பதில் பயனில்லை என்பதையும் விற்பனைக் கூட நிர்வாகங்கள் உணர வேண்டும்.

ஒரே முதலாளி இல்லை என்ற சிக்கலுக்கும் வழி இருக்கிறது. மகாராஷ்டிரம் 1969-இலேயே மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அதன்படி வியாபாரிகளும் தொழிலாளர்களும் ஒரே வாரியத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். கூலியும் அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட சதவீத வரியும் வாரியத்தில் செலுத்தப்படுகின்றன. வாரியம் கூலியுடன் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ உதவி ஆகியவற்றை வழங்குகிறது. கேரளம் 1978-இலும் தமிழகம் 1982-இலும் சுமைத் தொழிலாளர்களுக்கான சட்டங்களை இயற்றின. சுமக்கும் எடையின் உச்சவரம்பை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகவும், பெண்களுக்கு 35 கிலோவாகவும் குறைக்கும் முடிவைக் கேரள அமைச்சரவை 2023-இல் எடுத்தது. இந்தச் சட்டங்களில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும், பல முதலாளிகளுக்கு உழைப்பவருக்கும் பாதுகாப்பு அளிக்க முடியும் என்பதை இவை நிரூபித்திருக்கின்றன.

கர்நாடகத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. செயலி வழியாகப் பணிபுரியும் தொழிலாளர்களுக்காக 2025-இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்டணம் வசூலிக்க வழிசெய்கிறது. உணவுப் பொட்டலத்தைக் கொண்டு செல்பவருக்கு ஒரு கணக்கு தொடங்க முடியுமென்றால், அந்த உணவின் அரிசி மூட்டையை இறக்கியவருக்கும் தொடங்க முடியும். விற்பனைக் கூடங்களில் ஒவ்வொரு பரிமாற்றமும் ரசீதில் பதிவாகிறது. அதில் மிகச் சிறிய பங்கை ஹமாலிகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கினால் விலைவாசி உயர்ந்துவிடப் போவதில்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியவை மூன்று. புதிய சட்டத் தொகுப்பின் கீழ் பாதுகாப்புத் தர நிர்ணயங்களை வகுக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, தொழிற்சாலை, சந்தை என்ற வேறுபாடின்றி மனிதன் சுமக்கும் எடைக்கு நாடு முழுவதும் ஒரே உச்சவரம்பை நிர்ணயிக்க வேண்டும். சிமெண்ட், தானியம், சர்க்கரை, உரம் ஆகியவற்றின் மூட்டை அளவை 25 கிலோவை நோக்கிப் படிப்படியாகக் குறைப்பதற்கான காலவரையறையை அறிவிக்க வேண்டும். பாரம் சுமப்பதால் வரும் முதுகெலும்பு, மூட்டு நோய்களைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கர்நாடக அரசு, விற்பனைக் கூடங்களில் உரிமம் பெற்ற ஹமாலிகளிடமிருந்தே தொடங்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலைச் சேர்ந்த தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூருவில்தான் இயங்குகிறது. எலும்பு முறிவு சிகிச்சைக்கென சஞ்சய் காந்தி பெயரில் அரசு மருத்துவ நிறுவனமும் அந்த நகரிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மண்டிக்கே சென்று உடற்பரிசோதனை செய்யவும், வலி தொடங்கும் நிலையிலேயே இயன்முறை மருத்துவம் அளிக்கவும் வல்லுநர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. முதுகு தேய்ந்தவரை எடைபோடும் பணிக்கோ, காவல், கணக்குப் பணிக்கோ மாற்றுவதும், மாற்ற முடியாதவருக்கு அறுபது வயதுக்கு முன்பே ஓய்வூதியம் தொடங்குவதும் அரசு மனம் வைத்தால் இயலாதவை அல்ல.

பழந்தமிழகத்தின் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டிருந்தன. தலைச்சுமையோடு நடந்துவரும் வழிப்போக்கர், பிறர் உதவியின்றித் தாமே பாரத்தை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் தூக்கிக்கொள்ள வசதியாக அவை ஆளுயரத்தில் அமைக்கப்பட்டன. கருவைச் சுமந்தபடி இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவது வழக்கமாக இருந்தது. சுமப்பவரின் வலியை அறிந்த ஒரு சமூகம், தன் துயரத்தின் நினைவைக்கூட இன்னொருவரின் இளைப்பாறுதலாக மாற்றியது.

இன்று சாலைகள் அகலமாகிவிட்டன, சுமைதாங்கிகள் மறைந்துவிட்டன. சுமப்பவர்கள் மறையவில்லை. சட்டத் தொகுப்புகளின் விதிகளில் இவர்களின் முதுகுக்கும் ஒரு வரி எழுதப்படுமானால், அதுவே இந்தத் தலைமுறை நடும் சுமைதாங்கியாக இருக்கும். அதை எழுதும் பொறுப்பு புதுதில்லிக்கும் பெங்களூருவுக்கும் இருக்கிறது. இனியும் தட்டிக்கழித்தல் தகாது!